ஒன்றுமில்லை என்ற வியாதி

ஹூஸ்டன் பக்கத்துக் கோயிலுக்குச் சனிக்கிழமை காலையில் போகிற வழக்கமுள்ளவர்களுக்கு அந்த மாமாவைத் தெரியாமல் இருக்காது. குழந்தைகள் அவரை ‘டிரக் மாமா’ என்றே அழைப்பார்கள். கும்பகோணத்துக்காரர். 1978-ல் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகத்துக்காக டெக்ஸாஸ் வந்தவர். ஓய்வு பெற்றபின் கோயிலே கதி என்று ஆகிவிட்டார். அரிசி மூட்டை, வாழைத்தார், விமான நிலையத்திலிருந்து வரும் பூப்பெட்டி, பந்தல் கால், ஜெனரேட்டர் எதுவானாலும் அவருடைய பழைய பிக்கப் டிரக்கில்தான் வந்து இறங்கும்.

அமெரிக்காவுக்கு வந்து நாற்பத்து நாலு வருஷம் ஆகியும் அவர் புது வண்டி வாங்கியதே கிடையாது. “புது வண்டி, ஷோரூம் வாசலைத் தாண்டினவுடனே பழைய வண்டிதானே! அதை யாராவது தாண்டி வச்ச அப்புறம் நாம வாங்கினா என்ன?” என்பார். பழைய டிரக் இரண்டரை லட்சம் மைல் ஓடிக் களைத்துப் போனதும், பிள்ளைதான் வற்புறுத்தினான். “எழுபது வயசுல நடுரோட்டில் நின்னா யாருப்பா வருவா? ஒரு தடவையாவது புதுசா வாங்குங்கோ” என்றான். 2022-ம் வருஷம் விஜயதசமியன்று புது டிரக் வீட்டுக்கு வந்தது. நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, முதல் சுமையாகக் கோயிலுக்கு இருபது மூட்டை பொன்னி அரிசி ஏற்றிக்கொண்டு போனார். மாமியும் பக்கத்து ஆசனத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

மார்கழி பிறந்தது. விடியற்காலைப் பூஜைக்குப் பொங்கல் அண்டாவை ஏற்றிக்கொண்டு 288-ம் நெடுஞ்சாலையில் அறுபத்தைந்து மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று வண்டியின் உயிர் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. ‘எஞ்சின் சக்தி குறைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு அறிவிப்பு கண்முன்னால் ஒளிர்ந்தது. பின்னால் வந்த பெரிய லாரி நீண்ட ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயிற்று. எப்படியோ ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடவாதது போல வண்டி கிளம்பியது. அறிவிப்பையும் காணோம். பொங்கல் மட்டும் கொஞ்சம் ஆறியிருந்தது.

திங்கட்கிழமை வண்டியை விற்ற இடத்துக்கே கொண்டு போனார். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். “எங்களிடம் அது வரவே இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது” என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜனவரியில் மறுபடியும் அதே கதை. கம்ப்யூட்டருக்குப் புதிய மென்பொருள் ஏற்றினார்கள். பிப்ரவரியில் மூன்றாம் முறை. எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியையே மாற்றினார்கள். பத்து நாள் ஒழுங்காக ஓடிற்று. பதினோராம் நாள் மறுபடியும் படுத்தது.

இந்தக் காலத்து வண்டியின் ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பழைய நாளைப் போல இரும்புக் கம்பி எதுவும் இல்லை. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பெடலில் இருக்கும் இரண்டு உணர்கருவிகள் தனித்தனியே கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. திராட்டில் எவ்வளவு திறந்தது என்பதைச் சொல்ல அங்கேயும் இரண்டு. இரண்டு சாட்சிகளும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால், கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல் வேகத்தைக் குறைத்துவிடும். வண்டி தறிகெட்டு ஓடக்கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது. ஒரு இணைப்பில் ஒரு கணம் தொடர்பு விட்டுப் போனாலும் போதும். உராய்ந்த ஒரு ஒயர், சரியாகப் பொருந்தாத ஒரு பின், ஈரம் இறங்கிய ஒரு முனை, எதுவானாலும் காரணமாகலாம். ஆனால் பட்டறைக்குள் வண்டி ஆடாமல் அசையாமல் நிற்கும்போது அந்த ஒயரும் ஆடாமல் நிற்கும். பரிசோதிக்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருஷம் பம்புகளோடு மல்லுக்கு நின்ற மனிதர் அல்லவா! நான்காம் முறை போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தேதி, மணி, ஓடிய மைல், போன வேகம், வெயிலா மழையா, ஏற்றிய பாரம், டாங்க்கில் பெட்ரோல் அளவு, ஏ.சி. ஓடிற்றா என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. ஒவ்வொரு தடவையும் பட்டறையில் கொடுத்த சீட்டை அதே நோட்டில் ஒட்டி வைத்தார். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிய நாளுக்கும் சீட்டு கேட்டு வாங்கினார். கோளாறு நேர்ந்த கணத்தில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு படம் போலப் பதிந்து வைக்கும் என்று அவருக்குத் தெரியும். பிழைக் குறியீடுகளை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். ஆகையால், “முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் அழியுங்கள்” என்று சொல்லிவிட்டு வருவார். இரவில் சாப்பாடு ஆனதும் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாமி கூப்பிட்டால்கூடக் காதில் விழாது.

2023-ம் வருஷம் ஏப்ரல் 14. தமிழ் வருஷப் பிறப்பு. கோயிலில் அன்னதானம். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் டிரக்கின் பின்னால், மாமி பக்கத்தில். 288-ல் நடுத்தடத்தில் வண்டி மறுபடியும் உயிரை விட்டது. இம்முறை ஓரத்துக்குப் போக வழியில்லை. இருபுறமும் வண்டிகள் அம்பு போலப் பறந்துகொண்டிருந்தன. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து வெளியேறும் பாதையை அடைவதற்குள் அவருக்கு வேர்த்து விறுவிறுத்துப் போயிற்று. மாமி கண்ணை மூடிக்கொண்டு மீனாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவர் நோட்டை எடுத்தபோது மாமி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏன்னா, அந்த வண்டிக்கு வந்திருக்கறது எனக்கும் வந்திருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நன்னாத்தான் இருக்கேன். திடீர்னு ஒரு நிமிஷம் விளக்கு அணைஞ்சாப்பல ஆயிடறது. மேடையைப் பிடிச்சுண்டு நிப்பேன். அப்புறம் ஒண்ணுமே இல்லை. தை மாசத்துலேர்ந்து இப்படித்தான்.”

“ஏன் சொல்லலை?”

“டாக்டர்ட்ட போனேனே. அடுத்தாத்து மாமி அழைச்சுண்டு போனா. ஈ.சி.ஜி. எடுத்தா, ரத்தம் எடுத்தா. எல்லாம் சரியா இருக்கு, வயசு ஆச்சு, கவலைப்படாம இருங்கோன்னு சொல்லிட்டா. இன்னொரு டாக்டரும் அதையேதான் சொன்னார். எல்லாரும் ஒண்ணுமில்லைங்கறச்சே நான் என்னத்தைச் சொல்றது? நீங்க வேற இந்த வண்டியோட அல்லாடிண்டிருந்தேள்.”

அந்த நோட்டில் ஜனவரியிலிருந்து வண்டி எத்தனை முறை நின்றது என்று மணி, நிமிஷம் உட்பட எழுதியிருந்தது. அதே ஜனவரியிலிருந்து ஒரே வீட்டில் பக்கத்து அறையில் மனைவி எத்தனை முறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின் பக்கத்திலிருந்து புதுசாகக் கோடு போட ஆரம்பித்தார். தேதி, மணி, எத்தனை விநாடி, நின்றாளா உட்கார்ந்தாளா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன மாத்திரை.

வைத்தியர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுக்கிற சாதாரண ஈ.சி.ஜி. அதில் பத்து விநாடியை மட்டுமே பிடிக்கும். பத்து விநாடியில் தவறு இல்லை என்றால், அந்தப் பத்து விநாடியில் தவறு இல்லை என்று மட்டுமே பொருள். அவசரத்தில் அதை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள். நோயாளியும் அதை நம்பி, தன் உடம்பு சொல்வதை நம்பாமல் விட்டுவிடுகிறார். நம்மூர்ப் பெண்மணிகளோ பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். ஒரு தடவை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் மறுபடி அந்தப் படியேற மாட்டார்கள்.

இந்தச் சங்கடத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. மனிதன் படுத்திருக்கும்போது மட்டும் இதயத்தைப் பார்த்தால் போதாது, அவன் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். 1940-களின் பிற்பகுதியில் அவர் செய்த முதல் கருவி சுமார் 38 கிலோ. அதை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது! 1961-ல் தம் முறையைப் பற்றி ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார். அவர் பெயரில் வழங்கும் ஹோல்ட்டர் கருவி இப்போது உள்ளங்கையில் அடங்கிவிடும். நெஞ்சில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் வரை பதிவு செய்கிற கருவியும் வந்துவிட்டது.

மாமியை இதய வைத்தியரிடம் அழைத்துப் போனபோது மாமா நோட்டையும் எடுத்துப் போனார். முதலில் இருபத்து நாலு மணி நேரக் கருவி வைத்தார்கள். அன்று பார்த்து மாமிக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. பழைய நாளானால் அதோடு விட்டிருப்பார்கள். மாமா நோட்டின் பின் பக்கத்தைத் திறந்து காட்டினார். இருபத்தாறு நாளில் ஏழு தடவை. ஒவ்வொன்றும் சில விநாடி. பெரும்பாலும் நிற்கும்போது, சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைத்தியர் அதை இரண்டு தடவை படித்தார். “நாலு நாளைக்கு ஒரு தடவை வருவதை ஒரு நாளில் பிடிக்க முடியாது” என்று சொல்லிப் பதினான்கு நாள் பிளாஸ்திரியை ஒட்டச் சொன்னார். அதில் ஒரு பொத்தான் உண்டு. மயக்கம் வருவது போல இருந்தால் உடனே அழுத்த வேண்டும்.

அதே வாரம் நான்காம் முறை பட்டறைக்குப் போயிருந்த டிரக்கும் திரும்பி வந்தது. பெடலையே மாற்றிவிட்டு, அதிலும் ஒரு பதிவுக் கருவியைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அதற்கும் ஒரு பொத்தான். வண்டி தகராறு செய்தால் உடனே அழுத்த வேண்டும். ஆக, அந்த வீட்டில் பதினான்கு நாள் இரண்டு பொத்தான்கள். ஒன்று மாமியிடம், ஒன்று மாமாவிடம். எதை எப்போது அழுத்த நேருமோ என்று இருவரும் காத்திருந்தார்கள்.

மாமா தம் பொத்தானை அழுத்தவே இல்லை. கருவி இருந்த நாள் முழுவதும் டிரக் பரமசாதுவாக நடந்துகொண்டது. மாமி ஒன்பதாம் நாள் மாலை காபிப் பொடி டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தியபோது ஒரு தடவை அழுத்தினாள். நோட்டில் தன் கையெழுத்தில் ‘4.40’ என்று குறித்துக்கொண்டாள்.

வைத்தியர் பதிவைப் பார்த்துவிட்டு அன்றே தொலைபேசியில் அழைத்தார். 4.40-க்கு மாமியின் இதயம் ஐந்து விநாடிக்கு மேல் துடிக்கவில்லை. துடிப்பைத் தொடங்கி வைக்கிற இயற்கையான மின்கலம் போன்ற பகுதி ஒன்று இதயத்தின் மேலறையில் இருக்கிறது. வயதானவர்களில் சிலருக்கு அது சோர்ந்து, அவ்வப்போது நின்று நின்று வேலை செய்யும். மற்ற நேரங்களில் ஈ.சி.ஜி.யில் குற்றம் சொல்ல ஏதும் இராது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் மாமி தப்பினாள். மாடிப்படியிலோ, அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போதோ விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் மாதம் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தோளெலும்பின் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி. மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். உலகத்திலேயே முதன்முதலாக 1958-ல் ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்ஸன் என்பவருக்கு அந்தக் கருவியை உடம்புக்குள் வைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. உடனே மாற்று வைத்தார்கள். அப்படி வாழ்நாளில் 26 கருவிகளைச் சுமந்து, கருவியை உருவாக்கிய பொறியாளரையும் அதைப் பொருத்திய வைத்தியரையும் தாண்டி, 2001 வரை அவர் ஜீவித்திருந்தார்! முதல் கருவி நின்றவுடன் ‘இது சரிப்படாது’ என்று விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாமி தேறியதும் மாமா டிரக் பக்கம் திரும்பினார். பதிவுக் கருவியை எடுத்த மூன்றாம் நாளே அது பழைய குணத்தைக் காட்டியிருந்தது. ஆனால் இப்போது அவருக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஏன் நிற்கிறது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை. பிள்ளை, “அப்பா, இதுக்குச் சட்டம் இருக்கு” என்று நினைவூட்டினான்.

அமெரிக்காவில் வாரண்டி கொடுக்கும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த 1975-ல் மத்திய சட்டம் ஒன்று வந்தது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் புது வண்டிகளுக்கென்றே ‘லெமன்’ சட்டம் ஒன்றை முதன்முதலில் இயற்றியது. எலுமிச்சம்பழம் என்றால் நமக்கு மங்களம். இந்த ஊரில் ஓடாத வண்டிக்கு அதுதான் பெயர்! பிறகு எல்லா மாநிலங்களும் அதே வழியில் சட்டம் செய்தன. டெக்ஸாஸில் மாநில மோட்டார் வாகன இலாகாவே புகாரை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 35 டாலர். முதல் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் ஒரே குறைக்காக நான்கு முறை ரிப்பேருக்குக் கொடுத்தும் குறை தீராதிருந்தால் புகார் செய்யலாம். உயிருக்கு ஆபத்தான குறையென்றால் அதைவிடக் குறைந்த முறைகளே போதும். தயாரித்த கம்பெனிக்கு முதலில் கடிதம் எழுதி, சரிசெய்ய இன்னொரு வாய்ப்பும் கொடுக்க வேண்டும். புகாருக்குக் காலக்கெடு உண்டு. அதைத் தவறவிடக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும்.

இந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம். வண்டிக்கு என்ன வியாதி என்று வாங்கியவர் நிரூபிக்க வேண்டியதில்லை. வியாதி இருக்கிறது, பலமுறை காட்டியும் தீரவில்லை என்று காட்டினால் போதும். அதற்கு வேண்டிய சாட்சி மாமாவின் நோட்டில் இருந்தது. தேதிவாரியாகச் சம்பவங்கள், அவற்றுக்கு எதிரே பட்டறைச் சீட்டுகள். ‘எங்களிடம் வரவில்லை, நன்றாக ஓடுகிறது’ என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளும் அவற்றில் உண்டு. அலட்சியமாகத் தூக்கிப் போட்டிருக்க வேண்டிய காகிதங்களே, வண்டியை எத்தனை முறை கொண்டு வந்தார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டன.

கடிதம் எழுதினார். கம்பெனி தன் ஆளை அனுப்பிக் கடைசி முறை பார்த்தது. ஒயர்க் கட்டு ஒன்றை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் நின்றது. ஜூலையில் 35 டாலர் கட்டி மனுப் போட்டார். விசாரணை நாள் வருவதற்குள் கம்பெனியே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஓடிய மைலுக்கு ஒரு தொகை கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். சண்டையும் இல்லை, கூச்சலும் இல்லை.

அந்த டிரக்குக்கு என்னதான் கோளாறு என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று, மாமா முன் கண்ணாடியிலிருந்த பிள்ளையாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் காரில் வீடு திரும்பினார். மறு வாரம் ஏழு வருஷப் பழசான ஒரு பிக்கப் வாங்கினார். பிள்ளையார் அதில் ஏறிக்கொண்டார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அரிசி மூட்டை அதில்தான் வருகிறது. கோயிலில் யாராவது வயதானவர், “அப்பப்போ ஒரு மாதிரி வருது, டாக்டர் ஒண்ணுமில்லேன்னுட்டார்” என்று சொன்னால், மாமா வேறு ஒன்றும் சொல்வதில்லை. டிரக்கின் முன்பெட்டியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அவர் கையில் கொடுப்பார். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தயாராக இருக்கும். ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறார்.

மாமியின் படுக்கையருகே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பேஸ்மேக்கர் எப்படி வேலை செய்கிறது என்று ராத்திரியில் அதுவே வைத்தியசாலைக்குச் சொல்லிவிடும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே மாமி கேட்டாள்:

“ஏன்னா, இந்த பாட்டரி பத்து வருஷம் வரும்கறாளே. அதுக்குள்ள நின்னா எத்தனை தடவை ரிப்பேருக்குக் கொண்டு போகணும்?”

மாமா சிரிக்கவில்லை. அந்த நோட்டை மட்டும் எடுத்து, பின் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார். அதற்கு முன், “இன்னிக்கு எப்படி இருக்கு?” என்று அவளைக் கேட்டுக்கொண்டார்.